வளரும் நாட்டுக்குச் சூரிய மின்சாரம் கட்டுப்படியாகுமா?

இந்தியா போன்ற வளரும் நாடு புதுப்பிக்கத்தக்க ஆற்றலை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக நம்பலாம். பெரிய சூரிய மின் நிலையங்களுக்கான ஏலத்தில் யூனிட் விலை இரண்டரை ரூபாய் அளவுக்கு இறங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. புதிதாக அனல் மின் நிலையம் கட்டி அந்த விலைக்குக் கொடுக்க முடியாது.

நான் தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறவன். மும்முனை மின்சாரம் முறை வைத்து வரும் ஊர்களில் நள்ளிரவில் டார்ச் லைட்டோடு மோட்டார் போடப் போவது எப்படிப்பட்ட வேலை என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். பாம்புக்கடியில் போன உயிர்களும் உண்டு. எங்கள் நிலத்தில் சோலார் மோட்டார் வந்தபிறகு வெயில் ஏறியதும் தண்ணீர் பாய்கிறது, இரவில் நிம்மதியாகத் தூங்குகிறோம். ஆனால் அரசு மானியம் இல்லையென்றால் அதை வாங்கியிருக்கவே மாட்டோம். டீசலென்றால் அன்றன்றைக்கு வாங்கி ஊற்றிக்கொள்ளலாம். சோலாருக்கு இருபது வருடச் செலவையும் முதல் நாளே எடுத்து வைக்க வேண்டும். வட்டி அதிகமுள்ள ஏழை நாடுகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

மாலை ஆறு மணிக்கு மேல் என்ன செய்வது என்பார்கள். அதற்கும் வழி இருக்கிறது. கோவை மாவட்டத்துக் கடம்பாறையில் மிச்ச மின்சாரத்தால் தண்ணீரை மேலணைக்கு ஏற்றிவைத்து, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் வரை எடுக்கிறார்கள்.

எனக்குப் பயம் நிலத்தடி நீரைப் பற்றித்தான். தருமபுரியில் ஆயிரம் அடி போர் போட்டும் புகை மட்டுமே வந்த நிலங்கள் இருக்கின்றன. வெயிலுக்குக் காசில்லை என்று பகல் முழுக்க மோட்டாரை ஓடவிட்டால் மிச்சமிருக்கும் தண்ணீரும் போய்விடும். தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம் என்பதால், கம்பி வழி மின்சாரத்திலும் மோட்டாரை நிறுத்தச் சொல்ல ஆளில்லை.

குஜராத்தில் கேடா மாவட்டத்துத் துண்டி கிராம விவசாயிகள் 2016 முதல் கூட்டுறவாகச் சேர்ந்து, பாசனத்துக்குப் போக மிஞ்சும் சோலார் மின்சாரத்தை மின் நிறுவனத்துக்கு விற்றார்கள். இறைக்காத தண்ணீருக்கும் அங்கே வருமானம் வந்தது. விவசாயத்துக்குச் சோலார் கொண்டுவர மத்திய அரசு 2019-இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்திலும் இதற்கு இடமிருக்கிறது. மின்கம்பியோடு இணையாமல் தனித்து நிற்கும் சோலார் மோட்டார்களைக் கொடுத்துக்கொண்டே போவதைவிட, மிஞ்சும் மின்சாரத்தை விற்கும் இந்த வழிதான் எங்கள் மாவட்டத்துக்கு முதலில் வேண்டும். மின் நிறுவனம் கொடுக்கும் கொள்முதல் விலை மட்டும் கௌரவமாக இருக்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் விற்பதில் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்குமானால் யாரும் மோட்டாரை நிறுத்த மாட்டார்கள்.