பித்தளை என்று வாங்கிய விளக்கில் காந்தம் ஒட்டினால்

வணக்கம். ஆன்லைனில் வாங்கிய பித்தளைக் குத்துவிளக்கில் காந்தம் ஒட்டுகிறது, விற்றவரோ ‘இதற்கு ரிட்டர்ன் கிடையாது’ என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பதிலோடு விட்டுவிடாதீர்கள்.

முதலில் ஒன்று பாருங்கள். நடுத்தண்டில் மட்டும் ஒட்டினால் உள்ளே இரும்புக் கம்பி இருக்கலாம். தட்டிலும் அடியிலும் ஒட்டினால் அது பித்தளையே இல்லை. அதை வீடியோ எடுங்கள். விற்பனைப் பக்கத்தையும் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். நான் புகார் செய்த மறுநாளே ஒருவர் விவரத்தை மாற்றிவிட்டார், என்னிடம் ஆதாரமே இல்லாமல் போனது.

பிடிக்கவில்லை, அளவு சிறியது என்றால் தளத்தின் ரிட்டர்ன் விதிதான் பேசும். உங்களுடையது அப்படியல்ல. சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள்.

தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்தில் அவர் தீர்க்க வேண்டும். அப்புறமும் நகரவில்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தமிழிலேயே பேசலாம். அதுவரை விளக்கில் எண்ணெய் ஊற்றி ஏற்றிவிடாதீர்கள், அட்டைப்பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள்.