பட்டாளத்திலிருந்து வெளிவரும் முன்பே மத்திய அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாமா? வயது 36 ஆகிவிட்டதே?

தாராளமாக விண்ணப்பிக்கலாம். 17 வருட சர்வீஸ் முடிய எட்டு மாதம் இருக்கிறது என்கிறீர்கள். ஒப்பந்தக் காலம் முடிய ஒரு வருடத்துக்குள் இருப்பவர்களுக்கும் முன்னாள் ராணுவத்தினர் சலுகை உண்டு. ஆனால் காலம் முடியாமல் சீருடையைக் கழற்ற விடமாட்டார்கள். யூனிட்டில் என்.ஓ.சி.க்கு (தடையில்லாச் சான்றுக்கு) இன்றே எழுதிக் கொடுங்கள். நான் கடைசி வாரம் வரை தள்ளிப்போட்டு ஒரு தேர்வையே இழந்தேன்.

வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். 36-இல் இதுவரை ஆன சர்வீஸைக் கழித்தால் ஏறக்குறைய 20. அது உச்ச வரம்பைவிட மூன்று வருடத்துக்கு மேல் கூடாமல் இருந்தால் போதும். வரம்பு 27 என்றாலும் நீங்கள் உள்ளேதான்.

மத்திய அரசின் குரூப் 'சி' (எழுத்தர் போன்ற பணிகள்) நேரடி நியமனத்தில் முன்னாள் ராணுவத்தினரான நமக்கு 10 சதவீதம் ஒதுக்கீடு. பத்தாவது முடித்து, ராணுவத்தில் 15 வருடம் பணியாற்றியிருந்தால், தொழில்நுட்ப அனுபவம் கேட்காத குரூப் 'சி' இடங்களில், நமக்கான ஒதுக்கீட்டுக்கு, பட்டதாரிக்குச் சமமாகக் கருதலாம் என்று விதி இருக்கிறது. பலருக்கு இது தெரிவதே இல்லை, அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இன்னொன்று. சலுகையில் ஒரு அரசு வேலையில் சேர்ந்துவிட்டால் அடுத்த வேலைக்கு அந்த ஒதுக்கீடு கிடைக்காது. சேரும் முன்பே வேறு இடங்களுக்கும் போட்டிருந்தால், சேர்ந்த உடனே அந்த விண்ணப்பங்களைத் தேதிவாரியாக எழுதி, உறுதிமொழியாக அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். மத்திய அரசின் 2014 ஆணைப்படி அவற்றுக்குச் சலுகை தொடரும். நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.