6,500 ராண்ட் கிட்டார் 40,000 ராண்ட் கிட்டாருக்கு ஈடாகுமா?

கேள்வி: ஐயா, என் மகனுக்குப் பதினாறு வயது. எங்கள் சர்ச் பாடல் குழுவில் அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறான். இப்போது எலெக்ட்ரிக் கிட்டார் வேண்டும் என்கிறான். டர்பனில் ஒரு கடையில் பார்த்தோம். ஸ்குவயர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 6,500 ராண்ட். பக்கத்திலேயே அதே வடிவத்தில், அதே நிறத்தில் தொங்கிய அமெரிக்க ஃபெண்டர் 40,000 ராண்டுக்கு மேல். "மலிவானதை வாங்கினால் ஒரே வருடத்தில் தூக்கிப் போடுவீர்கள்" என்கிறார் கடைக்காரர். என் தம்பியோ "இரண்டும் ஒன்றுதான், பெயருக்குத்தான் காசு" என்கிறான். கடனை உடனை வாங்கியாவது நல்லதாக வாங்கிக் கொடுத்துவிடலாமா?
– ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

பதில்: கடன் வேண்டாம் அம்மா. மலிவான கிட்டாரே உங்கள் மகனுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் கையில் இருக்கிற பணம் முழுவதையும் கிட்டாரிலேயே போட்டுவிடாதீர்கள்.

வீணைக்குப் பலாமரம் தேடுகிறோம். குடமும் பலகையும் அதிர்ந்துதான் அதில் நாதம் பிறக்கிறது. மகன் இப்போது வாசிக்கும் அக்கூஸ்டிக் கிட்டாரும் அதே வகைதான். எலெக்ட்ரிக் கிட்டாரில் கதை வேறு. கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப் என்பது, காந்தத்தின் மேல் மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான தடவை சுற்றிய சுருள். எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் கலைகிறது, சுருளில் மின்சாரம் உண்டாகிறது, அது மின்சாரத்தைப் பெருக்கும் கருவியான ஆம்புக்குப் போய் ஸ்பீக்கரில் ஒலியாக வருகிறது. இதில் மரத்துக்கு எவ்வளவு பங்கு என்று வாசிப்பவர்கள் இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்து முழங்கும் ஒரு சர்ச் ஹாலில், கேட்பவர் காதுக்கு எட்டும் வித்தியாசம் பெரும்பாலும் பிக்கப், ஆம்ப், ஸ்பீக்கர், வாசிக்கும் விரல் இவற்றால் வருவதுதான்.

அந்தக் காலத்தில் மலிவு கிட்டார் என்றால் பயப்படக் காரணம் இருந்தது. கழுத்து வளைந்திருக்கும், கம்பி எட்டாத உயரத்தில் நிற்கும், பிள்ளையின் விரல் புண்ணாகும். இன்று கழுத்தையும் உடலையும் வெட்டுவது கணினி இயக்கும் இயந்திரம். கலிபோர்னியாவின் கொரோனா நகரில் வெட்டினாலும் இந்தோனேசியாவில் வெட்டினாலும் அதற்கு அளவு ஒன்றுதான். ஸ்குவயர் என்பதும் யாரோ செய்த போலி இல்லை. இசைக்கருவிக் கம்பி தயாரித்துக்கொண்டிருந்த ஸ்குவயர் கம்பெனியை ஃபெண்டர் 1965-இல் வாங்கியது. 1982-இல் ஜப்பானில் செய்த கிட்டார்களுக்கு அந்தப் பெயரை வைத்தது. மலிவு ரகமாக வந்த அந்த முதல் ஜப்பானிய ஸ்குவயர்களை இன்று சேகரிப்பவர்கள் நல்ல விலை கொடுத்துத் தேடுகிறார்கள். மறுபக்கம், அதே 1965-இல் ஃபெண்டர் நிறுவனமே அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் கைக்குப் போனது. எழுபதுகளில் வந்த அமெரிக்க ஃபெண்டர்களில் பல தரம் குறைந்தவை என்று பெயர் வாங்கின. 1985-இல் நிறுவனத்தின் ஊழியர்களே அதைத் திரும்ப வாங்கிய பிறகுதான் நிலைமை தேறியது. அதனால் பெயரை மட்டும் நம்பி 40,000 ராண்டை எடுத்து வைக்க முடியாது.

அதற்காக உங்கள் தம்பி சொல்வது முழுக்கச் சரி என்றும் சொல்ல மாட்டேன். அந்தக் கூடுதல் பணத்தில் ஒரு பகுதி அமெரிக்கக் கூலிக்கும் பெயருக்கும் போகிறது, மறுக்கவில்லை. மீதி கைக்குத் தெரியும் இடங்களில் இருக்கிறது. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்களின் முனைகளை ஆள் உட்கார்ந்து உருட்டித் தேய்த்திருப்பார். தலைப்பக்கம் கம்பி உட்காரும் நட், பிளாஸ்டிக்காக இல்லாமல் எலும்பாக இருக்கும். சுதி சேர்க்கும் சாவிகள் நழுவாது. வால்யூம் குமிழும் ஸ்விட்சும் பல வருடம் கரகரக்காது. அஃபினிட்டி வரிசை ஸ்குவயரில் செராமிக் காந்தப் பிக்கப் வருகிறது, விலை கூடியவற்றில் பெரும்பாலும் அல்னிகோ என்ற உலோகக் கலவைக் காந்தம். இரவு இரவாக மேடையில் நின்று பிழைப்பு நடத்துகிறவருக்கு இது எல்லாம் காசு கொடுக்க வேண்டிய விஷயம்தான். விற்கப் போனாலும் அமெரிக்க ஃபெண்டருக்கு விலை நிற்கும். பதினாறு வயதுப் பையனுக்கு இதில் எதுவும் அவசரம் இல்லை.

கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால், ஸ்குவயரிலேயே அல்னிகோ பிக்கப் போட்ட கிளாசிக் வைப் வரிசையையும், யமஹா பசிஃபிகா 112வி-யையும் மகன் கையில் கொடுத்துப் பாருங்கள். பிந்தையதில் ஆல்டர் மரம், அல்னிகோ பிக்கப், கூடவே உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பாலத்தின் அருகே இரட்டைச் சுருள் பிக்கப் ஒன்றும் உண்டு. அதை ஒற்றைச் சுருளாகவும் மாற்றி வாசிக்கலாம். சர்ச் பாடல்களுக்கு மிக வசதி.

மலிவு கிட்டாரில் உள்ள உண்மையான ஆபத்து, ஒன்று போல் இன்னொன்று இருக்காது என்பது. ஒரே மாடலில் கடையில் மூன்று தொங்கினால் மூன்றையும் இறக்கச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். முதலில் கழுத்தின் இரண்டு ஓரத்திலும் உள்ளங்கையை மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பாருங்கள். ரம்பம் போல் கீறினால் ஃப்ரெட் முனை சரியில்லை. பிறகு தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்திலும் ஒரே நேரத்தில் அழுத்தச் சொல்லுங்கள். நடுவில், ஏழாவது ஃப்ரெட் பக்கம், கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே ஒரு தாள் நுழையும் சந்து இருந்தால் போதும். அதிகமாக இருந்தால் கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் திருகிச் சரி செய்யலாம். கழுத்து முறுக்கிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் மட்டும் தொடவே வேண்டாம்.

அடுத்ததைப் பலர் செய்வதில்லை. ஆறு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒன்றொன்றாக மீட்ட வேண்டும். ஏதாவது ஓரிடத்தில் ஒலி செத்துப் போனாலோ, ஒரே ஃப்ரெட்டில் மட்டும் இரைந்தாலோ பெரும்பாலும் அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கி நிற்கிறது, வேறு கிட்டாரை எடுங்கள். சுதி சேர்த்துவிட்டு மூன்றாம் கம்பியை நன்றாக இழுத்து வளைத்துப் பார்க்கட்டும். 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டு சுதி விலகினால் நட்டின் பள்ளம் கம்பியைப் பிடிக்கிறது, அது சுலபமாகச் சரியாகிற குறை. கடைசியாக ஆம்பில் சொருகிக் குமிழ்களைத் திருப்பி, ஒயர் சொருகிய இடத்தையும் லேசாக ஆட்டிப் பாருங்கள்.

வாங்கியதும் ஒரு நல்ல கிட்டார் மெக்கானிக்கிடம் கொடுத்து செட்டப் செய்யச் சொல்லுங்கள். கம்பி உயரம், கழுத்து வளைவு, நட் பள்ளம், பாலத்தில் சுதித் திருத்தம் எல்லாம் அதில் அடங்கும். கிட்டார் விலையில் ஒரு சிறு பங்குதான் செலவு. செட்டப் செய்த ஸ்குவயர், செட்டப் செய்யாத அமெரிக்க ஃபெண்டரை விட வாசிக்க இதமாக இருக்கும்.

மிச்சப் பணத்தை ஆம்பில் போடுங்கள். ஸ்டார்ட்டர் பேக்கில் கிட்டாரோடு வரும் குட்டி ஆம்ப் படுக்கையறைக்குச் சரி, டிரம்ஸ் தொடங்கினால் காணாமல் போய்விடும். பாஸ் (Boss) கம்பெனியின் கட்டானா 50 மாதிரி ஒரு ஆம்ப், செகண்ட் ஹேண்டாகக் கிடைத்தாலும் சரி, வீட்டில் சத்தம் குறைத்து வைக்கலாம், சர்ச்சில் மிக்ஸருக்கு நேராகவும் சொருகலாம். மலிவு கிட்டாரை நல்ல ஆம்பில் கேட்டுவிட்டு, 40,000 ராண்ட் கிட்டாரை மட்டமான ஆம்பில் கேளுங்கள். கடையிலேயே இதைச் செய்து காட்டச் சொல்லலாம், அதற்கப்புறம் யாரும் உங்களைக் குழப்ப முடியாது.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளில் குறை இருந்தால் வாங்கிய ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று முடிவு செய்வது நீங்கள், கடைக்காரர் இல்லை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற அட்டை இதை மாற்றாது. ஆனால் மகனுக்கு நிறம் பிடிக்கவில்லை என்று கடையில் வாங்கியதைத் திருப்ப உரிமை கிடையாது. இணையத்தில் வாங்கினால் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம், அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது.

இன்னொன்று, நம் நாட்டோடு சேர்ந்த விஷயம். 1957-இல் லிவர்பூல் சர்ச் விழாவில், பின்னாளில் பீட்டில்ஸ் இசைக்குழுவில் சேர்ந்து பாடிய பால் மெக்கார்ட்னியை முதன்முதலாகச் சந்தித்த நாளில் ஜான் லெனன் வாசித்தது, தென்னாப்பிரிக்காவின் காலோ நிறுவனம் செய்த மலிவு விலை அக்கூஸ்டிக் கிட்டார். 'மரம் பிளவுபடாது என்று உத்தரவாதம்' என்று அதன் உள்ளே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. உங்கள் மகனிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவான்.

கேள்வி: ஃபேஸ்புக்கில் ஒருவர் கிப்சன் லெஸ் பால் 9,000 ராண்டுக்குத் தருகிறேன் என்கிறார். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்ததாம். படத்தில் புதிதாகத்தான் தெரிகிறது. வாங்கலாமா?
– கல்லூரி மாணவன், ஃபீனிக்ஸ்

பதில்: வேண்டாம் தம்பி. அந்த விலைக்குப் புது கிப்சன் கிடைக்காது. பல லட்சம் பேர் ஆசைப்படும் பெயர் என்பதால் போலிகள் ஏராளம். நேரில் பார்க்கத்தான் போகிறாய் என்றால், தலைப்பகுதியில் மணி வடிவத்தில் உள்ள சின்ன மூடியைப் பார். அசல் கிப்சனில் அதற்கு இரண்டு திருகு, போலிகளில் பல சமயம் மூன்று. மூடியைக் கழற்றினால் அசலில் கழுத்துக்குள் இருக்கும் கம்பியைத் திருகும் ஆறு முனை நட் இருக்கும், ஆலன் கீ நுழையும் துளை இருந்தால் சந்தேகப்படு. தலையின் பின்பக்கம் ஒட்டிய கோடு தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும், ஏனென்றால் கிப்சனின் தலை பின்னால் சாய்ந்திருப்பதால் அசலே கூட அந்த இடத்தில்தான் உடையும்.

தனி ஆளிடம் வாங்கினால் நுகர்வோர் சட்டம் உனக்குத் துணை வராது, தொழிலாக விற்பவரைத்தான் அது கட்டுப்படுத்தும். 'ஃபுட்ஸ்டூட்ஸ்', அதாவது 'இருக்கிறபடியே விற்கிறேன், குறைக்கு நான் பொறுப்பில்லை' என்று எழுதி வாங்கிக்கொண்டு விற்றவர் தெரிந்தே பொய் சொல்லியிருந்தால் வழக்குப் போடலாம்தான். அதற்கு முதலில் ஆளைப் பிடிக்க வேண்டும். அதே 9,000 ராண்டுக்கு எபிஃபோன் லெஸ் பால் ஒன்றைத் தேடு. 1957-இலிருந்து எபிஃபோன் கிப்சனுக்குச் சொந்தம், வடிவத்தை முறைப்படி போட உரிமை உள்ள கம்பெனி அது. மூடியில் மூன்று திருகு இருந்தால் அதைப் பார்த்துப் பயப்படாதே. எபிஃபோனில் அது சகஜம்.

கேள்வி: மார்ச்சில் டர்பனுக்கு வந்தபோது 8,000 ராண்டுக்கு ஒரு கிட்டார் வாங்கினேன். ஜூலையில் பார்த்தால் ஃப்ரெட் முனைகள் வெளியே நீட்டிக் கையைக் கீறுகின்றன. விரற்பலகை ரோஸ்வுட் இல்லை, இந்தியன் லாரல் என்று பெட்டியில் இருக்கிறது. மட்ட மரம் என்பதால்தானா? கடையில் கேட்டால், நான் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள்.
– வாசகர், லெனேஷியா

பதில்: மரத்தைக் குறை சொல்லாதீர்கள். லாரலுக்கு மாறிய காரணம் உங்கள் ஊரிலேயே தொடங்கியது. 2016-இல் ஜோஹானஸ்பர்க்கில் கூடிய சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) மாநாட்டில் ரோஸ்வுட் இனம் முழுவதையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். எல்லை தாண்டும்போது ஒவ்வொரு கிட்டாருக்கும் காகிதம் தேவைப்பட்டதால் கம்பெனிகள் லாரலுக்கும் பாவ் ஃபெரோ என்ற மரத்துக்கும் மாறின. 2019-இல் இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்த பிறகும் மலிவு வரிசைகளில் பலவற்றில் லாரல் நிலைத்துவிட்டது. வாசிக்க அதில் குறை ஒன்றும் இல்லை.

உங்கள் கிட்டாருக்கு நேர்ந்தது காற்றின் வேலை. டர்பன் கடலோரம், காற்றில் ஈரம் நிறைய. ஜோஹானஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குளிர்காலக் காற்று வறண்டது. பலகை ஈரத்தை இழந்து சுருங்குகிறது, ஃப்ரெட்டின் உலோகம் சுருங்குவதில்லை, முனை வெளியே துருத்துகிறது. விலை உயர்ந்த கிட்டாரிலும் இது நடக்கும். நன்றாக உலர்த்திய மரமும் உருட்டிய முனையும் இருந்தால் குறைவாகத் தெரியும், அவ்வளவுதான்.

வாங்கி ஆறு மாதம் ஆகவில்லை என்பதால் கடைக்கு எழுத்து மூலமாக எழுதுங்கள். பில் நகலும் முனைகள் தெரியும் படமும் இணைத்து, பழுது பார்த்துத் தரும்படி கேளுங்கள். முனைகளை அராவிச் சரி செய்வது பெரிய வேலை இல்லை, அதனால் பணத்தைத் திருப்பச் சொல்வதை விட இதற்குக் கடை சீக்கிரம் சம்மதிக்கும். மறுத்தால் நுகர்வோர் பொருள் மற்றும் சேவைக் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்கலாம். அதுவரை கிட்டாரைப் பெட்டிக்குள் வையுங்கள், ஹீட்டர் பக்கம் சாய்த்து வைக்காதீர்கள், பெட்டிக்குள் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருக்கும்படி ஒரு ஈரமூட்டி போட்டுவிடுங்கள். நீங்களே அரத்தை எடுத்து அராவ வேண்டாம். பலகையில் ஒரு கீறல் விழுந்தால் அதையே காரணம் காட்டிக் கடை கைகழுவிவிடும்.