முன்னாள் படைவீரர் மருத்துவமனையை மூடாமல் காப்பாற்ற, ஊர் கூடிப் பணம் திரட்டினால் போதுமா?

மருத்துவமனை யாருடையது என்பதைப் பொறுத்தது அது.

ஸ்காட்லாந்தில் எர்ஸ்கின் என்று ஒன்று இருக்கிறது. முதல் உலகப் போரில் கை கால் இழந்த படைவீரர்களுக்காக 1916இல் மருத்துவமனையாகத் தொடங்கியது. அறுவை மருத்துவர் வில்லியம் மக்யூவன் முன்னின்றார். பொதுமக்கள் சில வாரங்களிலேயே 1,00,000 பவுண்டு கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை. செயற்கைக் கால்கள் செய்ய கிளைட் ஆற்றங்கரைக் கப்பல் கட்டும் தொழிலாளர்கள் கைகொடுத்தார்கள். 1948இல் பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை வந்தபோதும் அதில் சேராமல் அறக்கட்டளையாகவே நீடித்தது. அங்கே நன்கொடைக்கு உண்மையான பலம் உண்டு.

அமெரிக்காவில், தெற்கு டகோட்டாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ் கதை வேறு. 1907இல் திறந்த மருத்துவமனை அது. 2011 டிசம்பரில், முன்னாள் படைவீரர் துறை அதன் சேவைகளை வேறு ஊருக்கு மாற்ற முன்மொழிந்தது. அரசு மருத்துவமனை என்பதால், உண்டியல் குலுக்கி மருத்துவர்களுக்குச் சம்பளம் போட வழியில்லை. ஊர்க்காரர்கள் குழு அமைத்து, மாற்றுத் திட்டம் எழுதிப் போராடினார்கள். அந்த வளாகம் அதே ஆண்டு தேசிய வரலாற்றுச் சின்னமாகியிருந்தது நல்ல பிடியாக அமைந்தது.

அப்புறம், புதுக் கட்டடம் என்றால் தாராளமாகக் கொடுப்பவர்கள்கூட செவிலியர் சம்பளம் என்றால் யோசிப்பார்கள். அதனால் வசூலில் இறங்கும் முன் ஆண்டுச் செலவுக் கணக்கையும், மூடும் முடிவை எடுப்பது யார் என்பதையும் கேட்டு வாங்குங்கள்.