காய்ச்சல் பார்த்தும் தொற்று பரவுகிறதா?

வீடில்லாதவர்களைத் தங்கவைத்திருக்கும் மண்டபத்தில் கோவிட் பரவாமலிருக்க, காய்ச்சல் மானியை மட்டும் நம்பி இருக்காதீர்கள். பாய்களை ஆறடி தள்ளிப் போடுங்கள், ஒருவர் தலைமாட்டுக்கு நேரே அடுத்தவர் கால்மாடு வரட்டும். இருமுபவருக்குத் தனி அறை, தனிக் கழிப்பறை.

திருகோணமலை பஸ் நிலையத்தில் படுத்திருந்தவர்களை மண்டபத்துக்குக் கொண்டுவந்து, வாசலிலேயே காய்ச்சல் பார்த்தும் கோவிட் பரவுகிறது என்கிறீர்கள். பரவத்தான் செய்யும். 2020 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் வீடில்லாதவர்கள் தங்குமிடம் ஒன்றில் 408 பேரைச் சோதித்தார்கள். 147 பேருக்குத் தொற்று, அவர்களில் காய்ச்சல் இருந்தது 1 வீதத்துக்கும் குறைவு! ஆகவே ஒருவருக்கு வந்தாலும் எல்லோரையும் பரிசோதிக்கும்படி பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்) கேளுங்கள்.

வாடை மழைச் சாரலுக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்தியிருப்பீர்கள் என்றும் நினைக்கிறேன். இரவில், எல்லோரும் படுத்தபிறகு, நடுவில் ஓர் ஊதுபத்தி கொளுத்திப் பாருங்கள். புகை அங்கேயே தேங்கினால், மழை அடிக்காத பக்கத்து ஜன்னல்களையாவது திறந்து, ஃபானை வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள். பார்த்து முடிந்ததும் பத்தியை மறக்காமல் அணையுங்கள், பாய்கள் கிடக்கிற இடம்.

இன்னும் ஒன்று: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் அது காசநோயாகவும் இருக்கலாம். கோவிட் இல்லை என்று வந்தாலும் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அதற்காக யாரையும் திரும்பத் தெருவுக்கு அனுப்பிவிடாதீர்கள், அப்புறம் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.