சிவப்புச் சுடிதாரும் க்ரோம் பம்பரும்

கேள்வி: நானும் கணவரும் கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்ட்டில் இருக்கிறோம். பழைய காரை வெட்டி ஒட்டிப் புதிதாகக் கட்டுகிற ஹாட் ராட் என்றால் அவருக்கு உயிர். நான்கு வருஷமாக ஷோ ஷோவாக என்னையும் கூட்டிக்கொண்டு போகிறார். போன வருஷம் எனக்கும் ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தார். தகராறு அன்றைக்கு ஆரம்பித்தது. ஒரே காரை ஒரே இடத்தில் நின்று நாற்பது தடவை எடுப்பார். நான் ஸ்டீயரிங்கையோ, சீட்டின் தையலையோ, பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் வயதானவர்களையோ எடுத்தால், “இதெல்லாம் கார் போட்டோவா?” என்பார். ஆகஸ்ட்டில் பிளெசன்டன் ஷோவில், அவர் எடுத்த எல்லா பம்பரிலும் என் சிவப்புச் சுடிதார் தெரிகிறதென்று நாலு பேர் முன்னால் சத்தம் போட்டார். இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இப்போது ஜனவரியில் பொமோனா ஷோவுக்கு வரச்சொல்லிக் கெஞ்சுகிறார். போகலாமா? சண்டையில்லாமல் இரண்டு பேரும் படம் எடுக்க வழி இருக்கிறதா? எங்கள் படங்கள் சிலவற்றை அனுப்பியிருக்கிறேன்.
— பெயர் வேண்டாம், ஃப்ரீமாண்ட்

பதில்: போய் வாருங்கள். ஆனால் சுடிதார் விஷயத்தில் நான் உங்கள் கணவர் கட்சி. சத்தம் போட்டது தப்பு, சொன்னது சரி.

க்ரோம் பம்பர் என்பது வளைந்த கண்ணாடி. அதற்கு எதிரே இருக்கும் வானம், மரம், பக்கத்துக் கார், பாப்கார்ன் வண்டி எல்லாம் அதற்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் பத்தடி தள்ளி நின்றாலும் சிவப்பு ஒரு கோடாக நெளியும். எனக்கும் இது ஒரு அச்சுப்பிரதி எடுத்துக் காசைத் தொலைத்த பிறகுதான் உறைத்தது. கறுப்பு நிற 1932 ஃபோர்டு கூப்பே (இரண்டு கதவு, மூடிய கூரை வண்டி) ஒன்றை ஆசை ஆசையாக எடுத்து, பெரிதாக அச்சுப்போட்டு, சுவரில் மாட்டப் போகும்போது பார்க்கிறேன்: கதவுக்குள் என் வீட்டுக்காரர் ஆரஞ்சு டீஷர்ட்டும் கையில் இட்லிப் பொட்டலப் பையுமாக நிற்கிறார். கேமராவின் சின்னத் திரையில் அது தெரியவே இல்லை.

அதனால் இரண்டு பேரும் கறுப்போ கரும்சாம்பலோ போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் மட்டும் இல்லை, இரண்டு பேரும். நீங்கள் அனுப்பிய ஐந்தாவது படத்தை, அந்த மஞ்சள் ரோட்ஸ்டரின், அதாவது மேலே திறந்த வண்டியின், ஹெட்லைட் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். லைட்டின் க்ரோம் கிண்ணத்தில் உளுந்து அளவுக்கு ஒரு சிவப்பு இருக்கிறது, அது நீங்கள். அதற்குப் பக்கத்தில் உளுந்து அளவுக்கு ஒரு பச்சை. அது யாருடைய சட்டை என்று வீட்டில் கேளுங்கள்.

லென்ஸ் முன்னால் மாட்டுகிற போலரைசர் ஃபில்டர் போட்டால் பிரதிபலிப்பு போய்விடும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தால், பாதிதான் உண்மை. கண்ணாடியிலும் பெயின்ட்டின் மேல்பூச்சிலும் அது நன்றாக வேலை செய்யும். வெறும் உலோகத்தில், அதாவது க்ரோமில், ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. கார் உடம்போ வளைவு வளைவாக இருக்கிறது. பானட்டில் மினுக்கத்தைக் கொன்றால் கதவில் அப்படியே இருக்கும். எல்லா மினுக்கத்தையும் எடுத்துவிடுவதும் நல்லதில்லை. பெயின்ட் உயிரில்லாமல் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும்.

க்ரோமுக்கு ஃபில்டரைவிட நல்ல கருவி ஒன்று உண்டு: இன்னொரு ஆள். நம்மூர்க் கல்யாண மண்டபங்களில் போட்டோகிராபருக்குப் பக்கத்தில் தெர்மோகோல் பிடித்துக்கொண்டு ஒரு பையன் நிற்பானே, அந்த வேலை. ஒரு வெள்ளை அட்டை, ஒரு கறுப்புத் துணி, இரண்டும் போதும். கிரில்லுக்கு எதிரே வெள்ளை அட்டையைப் பிடித்தால் பாப்கார்ன் வண்டி மறைந்து சுத்தமான வெள்ளைப் பட்டை விழும். கறுப்புத் துணியைப் பிடித்தால் க்ரோமின் ஓரம் கோடு கிழித்த மாதிரி எடுப்பாகத் தெரியும். தனியாக வந்தவர்கள் இதைச் செய்ய முடியாது. உங்கள் இரண்டு பேரால் முடியும். ஒரே நிபந்தனை, ஒரு காருக்கு அவர் எடுக்க நீங்கள் பிடித்தால், அடுத்த காருக்கு நீங்கள் எடுக்க அவர் பிடிக்க வேண்டும். எப்போதும் ஒருவரே பிடித்துக்கொண்டு நின்றால் அதற்குப் பெயர் உதவியாளர். உதவியாளருக்குச் சம்பளம் உண்டு.

பிளெசன்டன் மைதானத்து மரநிழலிலும் இதே அட்டை கைகொடுக்கும். நிழல் என்றால் நல்லது என்று நினைப்போம், ஆனால் இலை வழியாக விழும் பொட்டுப் பொட்டு வெயில் பெயின்ட் மேல் அம்மைத் தழும்பு மாதிரி இருக்கும். சின்ன இடமாக இருந்தால் அட்டையால் மறைத்துவிடலாம். முழுக் காரும் அப்படிப் புள்ளியாக இருந்தால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

சரி, அந்த நாற்பது படம். இதில் அவரைக் கொஞ்சம் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. படங்களை வரிசையாகப் பார்த்தேன். முட்டி போட்டு, ஹெட்லைட் உயரத்துக்குக் கேமராவை இறக்கி எடுத்திருக்கிறார். அது தெரிந்தவர் செய்கிற காரியம். ஹாட் ராட்காரர்கள் கூரையைத் தாங்கும் தூண்களைச் சில அங்குலம் வெட்டி எடுத்துவிட்டுக் கூரையைக் கீழே இறக்கிப் பற்றவைப்பார்கள். சாப் செய்வது என்று பெயர். கார் முறைத்துப் பார்ப்பது போன்ற அந்த முகம் இதில்தான் வருகிறது. நின்ற உயரத்தில் எடுத்தால் கூரைதான் தெரியுமே தவிர வெட்டு தெரியாது. கீழே உட்கார்ந்தால் ஜனங்களின் கால் குறுக்கே வரும். கால் விலகும் வரை அமுக்கிக்கொண்டே இருப்பார், நாற்பது ஆகிவிடும். அவர் உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் எதிர்ப்பக்கம் நின்று வருகிறவர்களிடம் “ஒரு நிமிஷம்” என்று புன்னகைத்தால் நாற்பது நான்காகும். நானே சோதித்தது.

“இதெல்லாம் கார் போட்டோவா” என்கிறாரே, அதில்தான் அவர் முழுக்கத் தப்பு. ஹாட் ராட் கம்பெனியிலிருந்து அப்படியே இறங்கிய வண்டி இல்லை. மலிவாகக் கிடைத்த பழைய ஃபோர்டுகளை வாங்கி, மட்கார்டைக் கழற்றி எறிந்து எடையைக் குறைத்து, கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் யார் வேகம் என்று பையன்கள் ஓட்டிப் பார்த்ததில் பிறந்தது அது. அந்த ஓட்டங்களை ஒழுங்குபடுத்த 1937-லேயே சங்கம் வந்துவிட்டது. 1932-ல் ஃபோர்டு சாதாரண ஜனம் வாங்குகிற விலையில் எட்டு சிலிண்டர் வி8 என்ஜின் வைத்து விற்றதும் இந்தப் பைத்தியத்துக்கு எண்ணெய் ஊற்றியது. 65 குதிரைசக்தி, இன்றைக்குச் சின்னக் காரில்கூட அதைவிட அதிகம். ஆக, ஒவ்வொரு வண்டியும் ஒருவர் கை பட்டுப் பட்டு ஆனது. அந்தக் கை மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது, நீங்கள் அதை எடுக்கிறீர்கள். நீங்கள் அனுப்பியதில் எனக்குப் பிடித்ததும் அதுதான்: கியர்க் குமிழின் மேல் கிடக்கும் அந்தப் பெரியவரின் விரல்கள், நகக்கண்ணில் போகாத கறுப்பு. உங்கள் கணவரின் நாற்பதையும் இந்த ஒன்றையும் மேஜையில் வைத்தால் நான் இதைத்தான் எடுப்பேன். இதை அவரிடம் படித்துக் காட்டலாம்.

உரிமையாளரிடம் பேசுவதற்கும் நீங்கள்தான் சரியான ஆள் என்று தோன்றுகிறது. “என்ன விலை” என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். “பெயின்ட் யார் அடித்தது” என்று கேளுங்கள், கதவையே திறந்துவிடுவார்கள். திறந்தாலும் வண்டியில் சாயக் கூடாது. பெல்ட் பக்கிள், பை ஜிப், கேமரா வார், வளையல் எல்லாம் பெயின்ட்டுக்குச் சத்துரு. வளையலைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

படங்களோடு அனுப்பிய குறிப்பில் ரோட்ஸ்டர், கன்வெர்ட்டிபிள் இரண்டையும் நீங்கள் ஒன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். பழைய கணக்கில் ரோட்ஸ்டருக்கு ஏற்றி இறக்கும் கண்ணாடி ஜன்னல் கிடையாது, கன்வெர்ட்டிபிளுக்கு உண்டு. படம் எடுப்பவருக்கு இரண்டிலும் ஒரே தலைவலி: மேலே திறந்திருப்பதால் உச்சிவெயில் நேராக சீட்டில் இறங்கும். பாதி சீட் வெளுத்துப் போய், மீதி ஸ்டீயரிங் நிழலில் இருண்டு கிடக்கும். ஒருவர் குடை பிடித்தால் மொத்த உள்பகுதியும் மென்மையாகிவிடும். கறுப்புக் குடையாகவோ வெள்ளைக் குடையாகவோ இருக்கட்டும். பூப்போட்ட குடை வேண்டாம், பூவின் நிறமெல்லாம் வெள்ளைத் தோல் சீட்டில் வழியும்.

கேண்டி பெயின்ட் அடித்த வண்டிக்கு மட்டும் நேர்மாறு. அடியில் வெள்ளியோ தங்கமோ பூசி, அதன்மேல் ஒளி ஊடுருவும் நிறத்தைப் பல கோட் அடித்திருப்பார்கள். வெயில் உள்ளே போய் அடியில் பட்டுத் திரும்பும்போதுதான் அந்தச் சிவப்பு பாகு மாதிரி எரியும். மேகமூட்டத்தில் வெறும் மெரூன். அதற்குச் சாயங்கால வெயில் வரைக்கும் காத்திருக்கலாம்.

இன்னொன்று. இரண்டு பேரும் ஒரே மாதிரி லென்ஸ் கொண்டுபோகிறீர்கள், அதனால்தான் வீட்டுக்கு வந்தால் ஒரே படம் இரண்டு தடவை. அவர் 70-200 மி.மீ. ஜூம் லென்ஸ் வைத்துக்கொள்ளட்டும். தூரத்திலிருந்து எடுத்தால் காரின் உருவம் கோணாது. கிட்டே போய் அகல லென்ஸில் எடுத்தால் மூக்கு உப்பிப் பின்பக்கம் சூம்பிவிடும். நீங்கள் 35 மி.மீ.-ஓ 50 மி.மீ.-ஓ வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஷோ நடக்கும் இடத்தில் ஒருவர் திரையை மற்றவர் எட்டிப் பார்க்கக் கூடாது. வீட்டுக்கு வந்து, மறுநாள், அவர் படத்தில் பத்தை நீங்களும் உங்கள் படத்தில் பத்தை அவரும் பொறுக்குங்கள். அடுத்தவர் என்ன பொறுக்கினார் என்று பார்ப்பதில் கிடைக்கிற பாடம் நான் பத்தி எழுதி வராது.

பொமோனாவில் நடப்பது கிராண்ட் நேஷனல் ரோட்ஸ்டர் ஷோ. 1950-ல் உங்கள் வீட்டுப் பக்கம் ஓக்லண்டில் தொடங்கியது, 2004-லிருந்து பொமோனாவில். அமெரிக்காவின் மிக அழகான ரோட்ஸ்டருக்கு அங்கே ஒன்பது அடிக்கும் மேலான கோப்பை இருக்கிறது. போட்டி வண்டிகள் அரங்குக்குள் இருக்கும், வெயில் இல்லை. கூரை விளக்கு ஒவ்வொன்றும் பானட்டில் ஒரு வெள்ளைக் கோடு போடும். ஓரடி இடமோ வலமோ நகர்ந்து அந்தக் கோடு வண்டியின் வளைவோடு சேர்ந்து ஓடுகிற இடத்தைக் கண்டுபிடியுங்கள். விளக்கு மினுக்கலால் படத்தில் பட்டை விழுந்தால் ஷட்டரை 1/60 வினாடியில் வையுங்கள், அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அடிப்பக்கத்தைக் காட்டத் தரையில் கண்ணாடி போட்டிருப்பார்கள். அதற்குள்ளும் நீங்கள் தெரிவீர்கள், ஞாபகம் இருக்கட்டும்.

சாயங்காலம் வெளி மைதானத்து வண்டிகள் கிளம்பும்போது உடனே வீட்டுக்கு ஓடாதீர்கள். வாசலுக்குத் தள்ளி, பத்திரமான இடத்தில் நின்று, ஷட்டரை 1/60-க்கு இறக்கி, போகிற வண்டியோடு கேமராவையும் திருப்பி எடுங்கள். ஒருவர் எடுக்க, மற்றவர் அடுத்து என்ன வருகிறதென்று காதில் சொல்ல வேண்டும். பத்துக்கு ஒன்பது கலங்கிப் போகும், பரவாயில்லை.

அந்த ஐந்தாவது படத்தைக் கோபத்தில் அவர் அழித்திருந்தால் சொல்லுங்கள். அன்றைக்கு எடுத்ததில் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்திருப்பது அது ஒன்றுதான். என்னிடம் பிரதி இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன்.