மேல்நிலைத் தொட்டியில் குளோரின்

கேள்வி: எங்கள் ஊராட்சித் தொட்டித் தண்ணீரில் ஒருநாள் பிளீச்சிங் வாடை மூக்கைத் துளைக்கிறது, மறுநாள் துளியும் இல்லை. ஏன்?
– வாசகி, தொண்டி அருகே ஒரு கிராமம்

பதில்: அளவு தப்புகிறது. 33 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் 1,000 லிட்டருக்கு 4 கிராம். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். வாளியில் கூழாகக் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும், தொட்டி நிறையும்போதே ஊற்ற வேண்டும். அப்படியே கொட்டினால் கட்டி அடியில் கிடக்கும், கிருமி சாகாது. அரை மணி நேரமாவது கழித்துத் தண்ணீரைத் திறந்துவிடட்டும்.

இன்னொன்று, கடற்கரை ஈரக்காற்றில் வாய் திறந்து கிடக்கும் மூட்டை சீக்கிரமே வீரியம் இழக்கும். மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில், நிழலில் வைக்கச் சொல்லுங்கள்.

தொட்டியடியில் மட்டும் சோதித்துப் பயனில்லை. கடைசித் தெருக் குழாயில் குளோரோஸ்கோப் (தண்ணீரில் எஞ்சிய குளோரினைக் காட்டும் சோதனைக் கருவி) குறைந்தது 0.2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், காட்ட வேண்டும். கிராம சபையில் அந்தச் சோதனைப் பதிவேட்டைக் கேளுங்கள்.